ஹெல்மெட்டுக்குள்ளே பேசுவது: இன்டர்காம் விளம்பரங்களை எண்ணூரிலிருந்து படிக்கும்போது

கொஞ்ச நாளாக ஹெல்மெட் இன்டர்காம் பற்றிய ஸ்பெக் ஷீட்டுகளையும் யூடியூப் விமர்சனங்களையும் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் "எதை வாங்கலாம்?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்க, கருவியைவிட கருவியைப் பற்றி எழுதப்படும் மொழிதான் எனக்குப் பிரச்சினையாகத் தெரிந்தது. அதனால் இந்தக் குறிப்பு கருவி விமர்சனமாகவும் இருக்கும், விமர்சனங்களைப் பற்றிய விமர்சனமாகவும் இருக்கும்.

எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் லடாக். இல்லையென்றால் ஏதோ ஒரு மலைப்பாதை. எட்டு வண்டி வரிசையாகப் போகும், எதிரே ஒரு லாரிகூட வராது. எண்ணூர் விரைவுச்சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு காசிமேடு பக்கம் போய்ப் பாருங்கள். துறைமுக ஜீரோ கேட்டுக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒரு பக்கம், அவற்றுக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் ஸ்கூட்டி, பேஷன், ஸ்ப்ளெண்டர். பாதி வண்டிகளில் பின்னால் ஒரு ஆள். கத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் வரை வேலைக்குப் போகும் புருஷன் பொண்டாட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போகும் பிள்ளை, மீன் கூடையை மடியில் வைத்திருக்கும் அக்கா. விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தும் இவர்கள் குறையவில்லை. விம்கோ நகருக்கு வடக்கே இருப்பவர்களுக்கு வண்டிதான் கதி.

இவர்களுக்கு இன்டர்காம் தேவையா? தேவை இருக்கு என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் சட்டம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவர், பின்னால் உட்கார்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை 1 முதல் அதைக் கடுமையாக்கினார்கள். ஆனால் சென்னையில் பின்சீட்டுக்காரரை நிறுத்தி அபராதம் போடுவது தீவிரமானது 2022 மே 23க்குப் பிறகுதான். அதுவரை வண்டியில் பேச்சுவார்த்தை எப்படி நடந்தது? பின்னால் இருப்பவர் முகவாயை முன்னால் இருப்பவர் தோளில் வைத்து, காதுக்கு அரை அடி தூரத்தில் பேசுவார். இரண்டாவது ஹெல்மெட் வந்ததும் அது போச்சு. கிட்டே குனிந்தால் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் 'டொக்'கென்று இடிக்கும். இப்போது மிச்சம் இருப்பது தோள்பாஷை. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் தாண்டி வந்துவிட்டோம், சட்டையைப் பிடித்து இழுத்தால் லாரி. இரண்டாவது ஹெல்மெட் தலையைக் காப்பாற்றுகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டியில் இருந்த இன்னொரு ஜோடிக் கண்ணை அது ஊமையாக்கிவிட்டது. அந்தக் கண்ணுக்குத் திரும்ப வாய் கொடுக்கிற கருவி என்றால், அது பணக்காரப் பொழுதுபோக்கு இல்லை.

இந்தக் கோணத்தில் ஸ்பெக் ஷீட்டைப் படித்தால் முதல் வரியே சிரிப்பு மூட்டும். 'ரேஞ்ச் 1.6 கிலோமீட்டர்.' கார்டோ கம்பெனியின் பேக்டாக் வரிசையில் வண்டிக்கு வண்டி தூரம் இப்படித்தான் போட்டிருக்கும். சீனாவின் 30கே இன்னும் அதிகமாக, 2 கிலோமீட்டர் என்று சொல்லும் (இந்த சீனா நாடு இல்லை, ஒரு கம்பெனியின் பெயர். கடையில் 'சீனா செட்' என்று கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரும், ஜாக்கிரதை). அது தடையில்லாத வெட்டவெளியில், அதிகபட்சமாக. நம்ம சாலையில் இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு 40 அடி கன்டெய்னர் நுழைந்தால் என்ன ஆகும்? இந்தக் கருவிகள் ஓடுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இரும்புப் பெட்டி அதை அப்படியே திருப்பி அடிக்கும். ஆனால் அதெல்லாம் நமக்கு எதற்கு? பின்சீட்டில் இருப்பவரின் வாய்க்கும் என் காதுக்கும் இருக்கும் தூரம் ஒரு மீட்டர்கூட இல்லை. கொடுக்கிற காசில் பெரும்பங்கு தூரத்துக்கும் கூட்டத்துக்கும்தான் போகிறது.

ஒரு மீட்டருக்கு ரேடியோவே வேண்டாம் என்பது பழைய அறிவு. முதல் உலகப் போர் காலத்தில், 1917இல், இங்கிலாந்தின் காஸ்போர்ட் விமானப் பள்ளியில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி ஒரு ரப்பர் குழாயை வைத்தே இந்தச் சிக்கலைத் தீர்த்தார். ஆசிரியர் ஒரு முனையில் பேசுவார், திறந்த விமானத்தில் முன்பின்னாக உட்கார்ந்திருக்கும் மாணவரின் காதில் அது கேட்கும். பேட்டரி இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு வயர் வைத்த இன்டர்காம்கள் பிற்பாடு வந்தன, இங்கிலாந்தின் ஆட்டோகாம் அதில் பேர் போனது. வயர் ஏன் தோற்றது என்பதும் புரிகிறது. பின்னால் இருப்பவர் வயரை மறந்துவிட்டு இறங்கினால் கழுத்தோடு வண்டியும் சேர்ந்து வரும். அதனால் ப்ளூடூத் வந்ததைக் குறை சொல்ல முடியாது. குறை, ஒரு மீட்டருக்கான கருவி என்று தனியாக ஒன்றை யாரும் செய்து விற்காததுதான்.

மெஷ் பற்றி ஒரு பத்தி போதும். கார்டோ 2015இலும் சீனா 2018இலும் கொண்டுவந்த மெஷ் நல்ல பொறியியல். பழைய ப்ளூடூத் சங்கிலியில் நடு வண்டி பிரிந்துபோனால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அறுந்துவிடுவார்கள், மெஷ் தானாக வேறு வழி தேடி ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேராகப் புலிக்காட்டுக்குப் போகிறவர்கள் வாங்கட்டும். ஒரே வண்டியில் இரண்டு பேருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு ஹெல்மெட்டிலும் ஒரே கம்பெனி, முடிந்தால் ஒரே மாடல், இரட்டைப் பெட்டியாக. வெவ்வேறு கம்பெனிகளைக் கோத்தால் பெரும்பாலும் அடிப்படை ப்ளூடூத் மட்டத்துக்கு இறங்கித்தான் பேசும்.

அடுத்து சத்தம். 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறது, விமர்சன வீடியோக்களில் அதைச் சோதிப்பது நெடுஞ்சாலையில், 80இல், 100இல். அங்கே எதிரி காற்று. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். ஆனால் காற்றிரைச்சல் ஒரே சீராக இருக்கும், சீரான சத்தத்தைக் கழிப்பது மென்பொருளுக்குச் சுலபம். எண்ணூரில் நாம் 30, 40க்கு மேல் போவதில்லை, காற்று ஒரு பொருட்டே இல்லை. இங்கே எதிரி ஏர் ஹார்ன், டிரெய்லரின் ஏர் பிரேக் விடுகிற 'புஸ்ஸ்ஸ்', பள்ளத்தில் விழுந்து எழும் காலி கன்டெய்னரின் இடி. திடீரென்று வந்து திடீரென்று நிற்கும் சத்தங்கள். இதைக் கழிப்பது கடினம், இதில் யாரும் சோதிப்பதும் இல்லை. மலிவான செட்களில் குரல் கேட்டால் தானாகத் திறக்கும் வசதி ஒன்று உண்டு. ஹார்ன் சத்தத்துக்கும் அது திறந்துகொள்ளும், பேச்சின் முதல் எழுத்தை வெட்டிவிடும். 'லாரி' என்று கத்தினால் 'ஆரி' என்று வரும். எப்போதும் இரு பக்கமும் திறந்திருக்கும் வகைதான் இந்தச் சாலைக்குச் சரி.

இதைச் சொல்லும்போது புல்லட்டை மறக்க முடியாது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி புல்லட் கட்டியது நம்ம திருவொற்றியூரில்தான். சத்தத்தையே ஒரு வண்டியின் அழகாக உலகத்துக்கு விற்ற ஊர், பின்சீட்டுக்காரர் சொல்வது காதில் விழவில்லை என்று இப்போது கருவி தேடுகிறது.

சத்தத்தை அடக்க முடியாதபோது ஆட்கள் செய்வது வால்யூமைக் கூட்டுவது. இதைப் பற்றி எந்த விமர்சனத்திலும் ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரே மணி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் அந்த வரம்பே 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். இந்தப் பகுதியில் வண்டி ஓட்டுபவர்கள் யார்? ஃபவுண்டரியில், அனல்மின் நிலையத்தில், கப்பல் வேலையில் எட்டு மணி நேரம் காதைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களின் அன்றைய ஒதுக்கீடு கேட்டைத் தாண்டும்போதே தீர்ந்துவிட்டது. அதன்மேல் காதிலிருந்து ஒரு விரல் தூரத்தில் ஸ்பீக்கர். 'ஜேபிஎல் தரம்', 'பாஸ் எஃபெக்ட்' என்று பட்டியல் போடுகிறவர்கள், அதிகபட்ச ஒலி எத்தனை டெசிபல் என்று ஒரு எண்ணைப் போடக்கூடாதா? அது எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். நான் பார்த்த பெட்டிகளில் இல்லை.

போடுகிற எண்களையும் நம்ம ஊர்க் கண்ணோடு படிக்க வேண்டும். உதாரணம், 'ஐபிஎக்ஸ்5'. இதைப் பார்த்ததும் "மழைக்குத் தாங்கும்" என்று வீடியோக்காரர் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அந்தக் குறியீட்டில் முதல் இடம் தூசிக்கு, இரண்டாவது இடம் தண்ணீருக்கு. தூசி இடத்தில் எக்ஸ் என்று இருந்தால், தூசிக்கு எந்த மதிப்பும் அறிவிக்கவில்லை என்று பொருள். காமராஜர் துறைமுகத்து நிலக்கரி, வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல், லாரிகள் கிளப்பும் புழுதி எல்லாம் ஜன்னல் கம்பியில் தினமும் படியும் ஊரில், அந்த எக்ஸ்தான் முக்கியம். 'ஐபி67' என்றால் தூசி முழுக்க உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம். உப்புக்காற்றுக்கு இந்தக் குறியீட்டில் இடமே இல்லை. சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி நன்றாக இறுகுகிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்ப்பதுதான் ஒரே சோதனை. வியர்வை இன்னொன்று. மே மாதத்தில் மைக்கின் பஞ்சு ஒரு வாரத்தில் ஊறிவிடும், உதிரிப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கவும். பெங்களூரின் ப்ளூஆர்மர் இன்டர்காமுக்கு வருமுன் ஹெல்மெட்டுக்குள் குளிர்காற்று ஊதும் கருவியைச் செய்த கம்பெனி. வியர்வையை ஒரு பொறியியல் பிரச்சினையாக யாரோ யோசித்தார்களே என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிகள் எல்லாமே மூன்றை ஒன்றாகக் கட்டி விற்கின்றன: பின்சீட்டுப் பேச்சு, பாட்டு, போன். மூன்றும் ஒரே மாதிரி விஷயம் என்பது போலத்தான் விமர்சனங்களும் எழுதுகின்றன. ஒரே மாதிரி இல்லை.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயர் குழு 2001 முதல் இதை ஆராய்ந்து வந்தது. அவர்களின் முதல் முடிவு, போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கவனக் குறைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கையைவிட மனசுதான் பிரச்சினை. 2008இல் ட்ரூஸ், பாசுபதி, ஸ்ட்ரேயர் மூவரும் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சிமுலேட்டரில் கார் ஓட்டுபவர்களைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடும், போனில் இருப்பவரோடும் பேச விட்டார்கள். குறிப்பிட்ட இடத்தில் திரும்ப வேண்டும் என்பது வேலை. போனில் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டார்கள், பக்கத்தில் ஆள் இருந்தவர்களில் தவறவிட்டவர்கள் கொஞ்சம் பேரே. காரணம் எளிது. பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சைக் குறைக்கிறார், 'அதோ திரும்பணும்' என்கிறார். போனில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் டிரெய்லர் திரும்புவது தெரியாது, அவர் பாட்டுக்கு இஎம்ஐ பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறோம். இரண்டு வினாடி மனசு வேறு எங்காவது போனால் 22 மீட்டர், ஒரு 40 அடி டிரெய்லரின் முழு நீளத்தையும் தாண்டிவிடும். டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டிரைவருக்கு அந்த மூலை தெரியாது. நம் ஆட்கள் நுழைவதும் அந்த மூலையில்தான். அங்கே ஒரு இன்டர்காம் உயிரைக் காப்பாற்றவும் முடியும், எடுக்கவும் முடியும். எந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 184ஆம் பிரிவு கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது, 2020இல் வந்த விதி வழி பார்க்க மட்டும் போனை அனுமதித்தது. ஹெல்மெட்டுக்குள் இருப்பது 'கையில்' இல்லை. "போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகிக்கிட்டுப் போறவனுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை" என்று ஒரு வாதம் உண்டு. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுபவரோடு ஒப்பிட்டால் சரிதான். ஆனால் அவர் எடுப்பது ஒரு நாளைக்கு இரண்டு கால். வசதி வந்துவிட்டால் எல்லாக் காலையும் எடுப்பார்.

அந்த 2008 ஆய்வை நம்ம ஊருக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது. கார் இருக்கையில் இருப்பவர் முன்னால் பார்க்கிறார். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காரும் அம்மா இடது பக்கக் கடைகளைத்தான் பார்க்கிறார், வலது பக்கம் வரும் லாரி அவர் முதுகுக்குப் பின்னால். (பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இருக்கிறது. பின்சீட்டுக்காரரை நினைத்து எழுதிய அபூர்வமான வரி.) அவர் பேச்சு போன் பேச்சுக்கும் பக்கத்து இருக்கைப் பேச்சுக்கும் நடுவில் எங்கோ விழும். கால் இரண்டு பக்கமும் போட்டு உட்காருபவரே நிஜமான இரண்டாவது ஜோடிக் கண். என் மனைவி சுடிதார் போட்ட நாளில் இன்டர்காமில் வரும் பேச்சே வேறு: "ஏங்க, பின்னாடி டேங்கர், விட்டுடுங்க." சேலை கட்டிய நாளில் கடை போர்டுகளின் வாசிப்பு.

காதை மூடுவது இன்னொரு விஷயம். வெளிச் சத்தத்தை முழுக்க அடைக்கிறது என்பதை விமர்சகர்கள் புள்ளி கொடுத்துப் பாராட்டுகிறார்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்களை எழுப்பியது மூக்கும் தெருக்கூச்சலும்தான். இந்தப் பகுதியில் காதும் மூக்கும் திறந்திருப்பதே ஒரு பாதுகாப்பு. அதனால் காதுக்குள் நுழையும் இயர்போன் வகை வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் பஞ்சில் பதியும் தட்டை ஸ்பீக்கர் போதும்.

காசு விஷயம். சில ஆயிரத்தில் தொடங்கி, ஒரு ஹெல்மெட்டுக்கே முப்பதாயிரத்துக்கு மேல் வரை இருக்கிறது. ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டில் இருபதாயிரம் ரூபாய் கருவியை மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது தலைகீழ். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதுமே சட்டவிரோதம். முதலில் இரண்டு நல்ல ஹெல்மெட், பின்சீட்டுக்கும் சேர்த்து. ஸ்பீக்கருக்கு ஏற்கனவே குழி இருக்கும் ஹெல்மெட்டாகப் பாருங்கள். இடம் போதவில்லை என்று கடைக்காரர் கத்தியை எடுத்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலைச் செதுக்க ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மோகோல்தான். முகம் திறந்த ஹெல்மெட் என்றால் தண்டு மைக் வாங்க வேண்டும், பொத்தான் மைக் முழு முக ஹெல்மெட்டுக்குத்தான். இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு "ஒண்ணுமே கேக்கல" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

என் பதில், கேட்டவர்களுக்கு: இரட்டைப் பெட்டி, எப்போதும் திறந்திருக்கும் இரு வழிப் பேச்சு, தூசிக்கு 6, போனோடு இணைக்காமலே இன்டர்காம் மட்டும் ஓடுகிற வகை. மெஷ் வேண்டாம், ஜேபிஎல் வேண்டாம், 1.6 கிலோமீட்டர் வேண்டாம். நடுத்தர விலையில் முடிந்துவிடும். வாங்கியதும் போனோடு இணைத்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சோதிப்பதற்குக் கடைக்குள் 'ஹலோ ஹலோ' சொல்வதில் பயன் இல்லை. கடைக்காரர் ஒத்துக்கொண்டால் செட்டை மாட்டிக்கொண்டு டி.எச். ரோட்டுக்கு வந்து, லாரி போகும்போது திசை சொல்லிப் பாருங்கள். நான் செய்து பார்த்ததில் 'இடது', 'வலது' இரண்டும் தேறவில்லை. இரண்டிலும் கடைசியில் வருவது ஒரே 'அது', வித்தியாசம் முன்னெழுத்தில், அதைத்தான் ஹார்ன் தின்கிறது. 'லெஃப்ட்டு' நன்றாகக் கேட்கிறது. 'ரைட்டு' கேட்கிறது, ஆனால் பஸ் கண்டக்டர் புண்ணியத்தில் அதற்கு 'சரி, போ' என்றும் அர்த்தம், பின்னாலிருந்து 'ரைட்டு' என்றால் திரும்புவதா நேரே போவதா என்று கை ஒரு கணம் தடுமாறும். எந்தச் சத்தத்திலும் பிசகாமல் கேட்டது 'பீச்சாங்கை', 'சோத்தாங்கை' இரண்டும்தான். எங்கள் வண்டியில் இப்போது அதுதான் வழக்கம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும்.